பதினாறாம் சேனல்

புயலுக்குக் கூண்டு இருக்கிறது,
ஒன்றிலிருந்து பதினொன்று வரை.
பாம்பன் துறைமுக அலுவலகக் கம்பத்தில்
இருபத்திரண்டு வருடமாக ஏற்றுகிறேன், இறக்குகிறேன்.
பகலில் கூண்டு, இரவில் சிவப்பும் வெள்ளையுமாய் விளக்கு.
நிலம் நடுங்கினால் எதை ஏற்றுவதென்று
கையேட்டில் பக்கமில்லை.

திங்கள் விடியுமுன், மூன்று ஐம்பதுக்கு,
மேசையிலிருந்த டீ கிளாஸ்
தானாக நாலு விரற்கடை நகர்ந்தது.
எனக்கு அவ்வளவுதான்.
கடல் உள்வாங்கவில்லை.
பிள்ளையையும் வலையையும் தூக்கிக்கொண்டு
தங்கச்சிமடம் ரோட்டுக்கு ஓடியவர்கள்
ஏழு மணிக்குத் திரும்பினார்கள்,
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்.

பிறகுதான் தெரிய ஆரம்பித்தது.
சின்னப்பாலத்தில் ஊத்துத் தோண்டி
அகப்பையில் மொண்ட முதல் குடம்
உப்பு.
பத்தடி தள்ளித் தோண்டினார்கள், உப்பு.
தென்னைக்கு அடியிலும்.
ரெக்சலின் துப்பிவிட்டுச் சொன்னாள்:
"பூமி அசைஞ்சதுல அடியில ஏதோ கதவு தெறந்துக்கிருச்சு."
ஜீப்பில் வந்த பொறியாளர்
இரண்டு பக்கத்துக்கு எழுதிப்போனதும் அதைத்தான்.

புதன்கிழமை கப்பல் வருவதாக இருந்தது.
பத்து மாடி, ஆயிரத்து நூறு பேர்.
தூரத்தில் நங்கூரம் போட்டு
சின்னப் படகுகளில் குந்துகாலில் இறங்குவார்கள் என்று
முப்பத்தாறு ஆட்டோவுக்கு ஒரே நீலம் அடித்திருந்தார்கள்.
மகளிர் குழுக் கடனில்
சோழி மாலை, கடல்பாசி ஊறுகாய்,
'நல்வறவு' என்று வல்லின ற போட்ட ஒரு பேனர்.
செவ்வாய் மாலை கம்பெனியிடமிருந்து தாள் வந்தது.
பயணிகளின் மன அமைதியை முன்னிட்டு
இறங்குதல் ரத்து.
பாலம் கடலிலிருந்தே காண்பிக்கப்படும்.

காண்பித்தார்கள்.
அந்தி ஆறரைக்கு, தெற்கே,
கல்யாண மண்டபம் ஒன்று
விளக்கெல்லாம் எரிய மிதந்துபோவது மாதிரி.
மேல்தளத்தில் நீச்சல் குளம் உண்டாம்.
கடல்நீரை நல்ல தண்ணியாக்கும் மிஷின் உண்டாம்.
டேங்கர் லாரிக்குக் குடத்தோடு நின்றவர்கள்
வரிசையை விடாமல் திரும்பிப் பார்த்தார்கள்.

பதினாறாம் சேனலில் கப்பல் அதிகாரி
ஆழம் கேட்டார், காற்று கேட்டார், நன்றி சொன்னார்.
கரகரப்பு.
பிறகு, தமிழ்.

"பாம்பன், பாம்பன்… அண்ணே, கீழக்கரை நான்.
சீனி நூகு. கிச்சன்ல வேலை.
மேல காபி கொண்டாந்தேன், ரெண்டு நிமிஷம் தந்திருக்காங்க.
மூணு நாளா லாத்தா போன் அடிக்கவே இல்ல.
பேரு சுல்தானியா. ஐஸ் கம்பெனிக்குப் பின்னாடி, பச்சைக் கதவு.
வீடு நிக்குதான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்கண்ணே."

பதினாறு ஆபத்துக்கும் அழைப்புக்கும் மட்டும்.
சொந்தப் பேச்சுக்கு வேறு சேனல் மாறச் சொல்ல வேண்டும்.
மாறச் சொன்னால் அவனைத் தொலைத்துவிடுவேன்.
"கேட்டுச் சொல்றேன் தம்பி, ஓவர்" என்றேன்.

கீழக்கரையில் எனக்குத் தெரிந்த ஒரே ஆள் மீன்துறைக் காவலாளி.
அவன் சொல்லி ஒரு பரோட்டாக் கடை.
கடையிலிருந்து சைக்கிளில் ஒரு பையன்.
பதில் வந்தபோது மணி ஒன்பது ஐம்பது:
சுற்றுச்சுவர் விழுந்துவிட்டது. லாத்தாவுக்கு முன்கையில் கட்டு.
தண்ணீர் ஏன் கலங்கியிருக்கிறதென்று
எட்டிப் பார்த்தபோது
போன் கிணற்றுக்குள் போய்விட்டதாம்.

கப்பல் ஐம்பது மைல் தாண்டியிருக்கும்.
என் ஆன்டெனாவுக்கு இருபது எட்டினாலே அதிகம்.
ஆனாலும் பொத்தானை அமுக்கினேன்.
"சீனி நூகு, சீனி நூகு.
பச்சைக் கதவு நிக்குது. லாத்தா நல்லாருக்கு.
போன் கெணத்துல கெடக்கு. ஓவர்."

வெறும் இரைச்சல்.
கிளாஸை எடுத்தேன், டீ ஆறிப்போயிருந்தது.

"யாருக்குண்ணே சேதி?"

மூக்கையூர்ப் பேச்சு.
தடையை மீறிப் போயிருக்கிற ஏதோ ஒரு விசைப்படகு.
நம்பரைக் கேட்டு எழுதியிருக்க வேண்டும்.
"கப்பல்ல ஒரு தம்பிக்கு" என்றேன்.

"எங்களுக்குத் தெக்க இன்னும் ரெண்டு போட்டு கெடக்கு.
சொல்லுங்க, தள்ளி விடுறோம்.
என்ன கதவு சொன்னீங்க, பச்சையா?"